கேட்டு வரச் சொன்ன கேள்வி

வட்டவளையில் நான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்பதுதான் சரி. பிளாட்பாரம் குட்டை, ரயில் நீளம். என் பெட்டி நின்ற இடத்தில் கீழே சரளைக்கல்லும் அதற்கும் கீழே தேயிலைச் சரிவும்தான் இருந்தன. குதிக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

எதிர் இருக்கையில் வெள்ளை உடுப்பில் ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டு அம்மா என் பையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த தமிழ் ஆசிரியர் ஒருவர் அதை எனக்குச் சொன்னார்: பதற வேண்டாமாம், அவர்களோடு ஹட்டனில் இறங்கிக்கொள்ளலாமாம், அங்கிருந்து பஸ் இருக்கிறதாம். பிறகு அந்த அம்மா ஒரு டப்பாவைத் திறந்து பாற்சோறு ஒரு துண்டு கொடுத்தார். பொங்கல் மாதிரி இருந்தது, ஆனால் உப்பு. கூடவே காரமாக ஒரு சம்பல். இனிப்பை எதிர்பார்த்த நாக்கு சற்று நேரம் திகைத்து நின்றது.

அவர்கள் சிவனொளிபாத மலை ஏறப் போகிறவர்கள். உச்சியில் ஒரு பாதச்சுவடு இருக்கிறது. சிவனுடையது என்று நான் படித்திருந்தேன். புத்தருடையது என்றார் அந்த அம்மா. முஸ்லிம்கள் ஆதாமுடையது என்பார்கள், கிறிஸ்தவர்களில் சிலர் தோமையாருடையது என்பார்கள் என்றார் ஆசிரியர். மேலே போகும்போது இதைப் பற்றிச் சண்டை வராதா என்று கேட்டேன்.

"ஏறுறப்ப மூச்சு வாங்கும்ங்க. பேச முடியாது" என்றார்.

நான் துறையூரில் நீதிமன்றத் தட்டச்சர். சாட்சிகள் சொல்வதை அப்படியே அடிப்பது என் வேலை. வயது நாற்பத்தொன்று. இதுதான் என் முதல் வெளிநாட்டுப் பயணம். என் தம்பி கார்த்தி கத்தாரில் ஏசி மெக்கானிக். அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நிரோஷினி என்ற பெண்ணும் அவனும் இரண்டு வருடமாகப் பழகுகிறார்கள். அவளுடைய வீடு வட்டவளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவள் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தாள். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று முடிவானது.

பார்த்துவிட்டு வருவது என்பது வெளியே சொன்னது. புறப்படும் முன் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, அவர்கள் என்ன ஆளுங்க என்று கேட்டுக்கொண்டு வா என்றாள். நேராகக் கேட்கக்கூடாது, குலதெய்வம் எது, முப்பாட்டன் எந்த ஊரிலிருந்து போனார், வீட்டில் என்ன சாப்பாடு, எந்தத் தெருவில் வீடு, இப்படிச் சுற்றிச் சுற்றிக் கேட்டால் தானாகத் தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகுதான் அவள் சரி என்பாள், அல்லது இல்லை என்பாள். அன்று மாலை கார்த்தியும் போனில் பேசினான். "அம்மாவுக்காகக் கேட்டுடுக்கா. எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே?" என்றான்.

இது எனக்குக் கூச்சமாக இருந்தது என்று எழுத ஆசை. பொய். எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டாலே இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கல்யாணத்துக்குக் கேட்காமல் எப்படி என்றுதான் நினைத்தேன்.

ஹட்டனில் பஸ் பிடித்து நான் வட்டவளைக்குத் திரும்பியபோது நிரோஷினியின் அப்பா ராஜமாணிக்கம் ஸ்டேஷன் வாசலில் இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். ஸ்வெட்டரும் சாரமும். சாரம் என்றால் நம் கைலிதான். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இப்போது வீட்டைச் சுற்றி மரக்கறி போடுகிறார். என் பையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மாமா என்றால் சம்பந்தம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அண்ணே என்றால் சம்பந்தமே கூடாது என்று அர்த்தம். எங்கள் மொழியில் ஒருவரைக் கூப்பிட ஆரம்பித்தாலே பாதி முடிவு எடுத்தாகிவிடுகிறது. "ஐயா" என்றேன். அவர் என்னை "அம்மா" என்றார். அப்படியே ஓட்டினோம்.

அவர்கள் இருப்பது லயத்தில். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள். கடைசி வீடு இவர்களுடையது. பக்கவாட்டில் இரண்டு அறைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். முன்னறைச் சுவரில் ஒரே பலகைமேல் சிவன் பார்வதி படம், மாதா சொரூபம், வெள்ளையில் ஒரு சின்ன புத்தர். மூன்றுக்கும் தனித்தனி விளக்கு. நான் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு நிரோஷினி விளக்கினாள். சிவன் அப்பாவுக்கு. மாதா அம்மாவுக்கு, அம்மா வேதக்காரர். புத்தர் அண்ணிக்கு. அண்ணன் தினேஷ் கொழும்பில் வேலை. அவன் மனைவி சந்தமாலி கொத்மலைப் பக்கத்துச் சிங்களப் பெண், இங்கேதான் இருக்கிறாள்.

"ஒங்களுக்கு?" என்று நிரோஷினியைக் கேட்டேன்.

"நான் மூணுக்கும் எண்ண ஊத்துவேங்க அக்கா" என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதையும் எழுதியாக வேண்டும், பின்னால் குழப்பம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவளுடைய அம்மா தெரசம்மா அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்திருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, என்ன கறி சாப்பிடுவீங்க என்று கேட்டார். எல்லாக் கறியும் சாப்பிடுவேன், எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் உண்டு என்றேன். அவர் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். இரவு தட்டில் வந்தவை: லீக்ஸ் கறி, போஞ்சி என்கிற பீன்ஸ் கறி, கிழங்குக் கறி, பருப்புக் கறி. இங்கே கறி என்றால் குழம்பு, கூட்டு எல்லாம்தான். எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் காய்கறி கிடைக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சம்பலில் மாசி போடவில்லை, மன்னிக்கணும் என்றார். நான் மாதத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாங்க, இது மாசிதான்" என்றேன். மாசி என்பது உலர்ந்த மீன் தூள் என்று நிரோஷினி சொன்னபோது நால்வரும் சிரித்தோம். சந்தமாலிக்கு யாரோ சிங்களத்தில் விளக்கிய பிறகு அவள் தனியாக ஒரு முறை சிரித்தாள்.

மறுநாள் காலையும் மதியமும் மரக்கறிதான். ரொட்டி, தேங்காய்ச் சம்பல், மறுபடி லீக்ஸ். தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் போன் எடுக்கும். அங்கே போய் அம்மாவிடம் சொன்னேன், வீட்டில் மீன்கூட இல்லை, சுத்த சைவம். அம்மாவின் குரல் சட்டென்று நிமிர்ந்தது. சைவமா, அப்படியா, சாமி என்ன சாமி என்றாள். சிவன் என்றேன். மாதாவையும் புத்தரையும் சொல்லவில்லை. சாட்சி சொல்கிறவர்கள் ஏன் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்று இருபது வருடமாக யோசித்ததுண்டு. அன்று புரிந்தது.

அன்று மாலை உண்மை தெரிந்தது. தெரசம்மாவுக்குத் தவக்காலம், ஈஸ்டர் வரை இறைச்சி கிடையாது. ராஜமாணிக்கம் காமன் கூத்துக்காகக் காப்புக் கட்டியிருக்கிறார்; மன்மதனைச் சிவன் எரித்த கதையை மாசிப் பௌர்ணமி வரை தோட்டத்தில் ஆடுகிறார்கள், அது முடியும்வரை அவருக்கும் மரக்கறி. ஒரே அடுப்பில் இரண்டு சமையல் வேண்டாம் என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். மற்ற நாளில் கோழி, ஆடு, நெத்தலி எல்லாம் உண்டு. தொழிற்சாலையில் மெஷின் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி என்று ஒரு சாமி இருக்கிறார், அவருக்கு வருடம் ஒரு சேவல் அறுப்பது ராஜமாணிக்கம்தான். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சுத்த சைவம், ஆனால் இந்த மாதம் மட்டும், அதுவும் இரண்டு வேறு கடவுள்களுக்காக.

தெரசம்மாவிடம் பேச்சுக்கொடுத்தேன். அவருடைய முன்னோர் இங்கே வந்து வேதத்துக்கு மாறினார்களா, மாறிய பிறகு வந்தார்களா என்று கேட்டேன். திருச்சிப் பக்கமிருந்து வரும்போதே வேதம்தான் என்றார். அவருக்குத் தெரிந்து இங்கே மாதா கோயிலில் எல்லோரும் கலந்துதான் உட்காருகிறார்கள். எங்கள் பக்கத்தில் சில ஊர்களில் கல்லறைக்கே நடுவில் சுவர் உண்டு, ஒரு பக்கம் சிலர், மறுபக்கம் சிலர் என்று நான் சொன்னேன். அவர் கிழங்கு சீவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"செத்த பொறகுமா?"

"ஆமாங்க."

"இங்க இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் தங்கச்சி. கல்யாணம்னா இங்கயும் கேப்பாங்க. எங்க தினேசு சிங்களப் புள்ளைய கட்டுனப்ப எங்க சொந்தத்துல பாதிப் பேரு வரல. ஆனா கேட்டவங்களுக்கே இப்ப சரியாத் தெரியாது, என்னா பதில் வரணும்னு."

அதன் பொருளை ராஜமாணிக்கம் மறுநாள் காண்பித்தார். மூன்றாம் நாள் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்திலிருந்து மேலே ஏறினோம். பாதையில் ஒரு பக்கம் மேட்டு லயம், இன்னொரு பக்கம் பள்ளத்து லயம். அந்தக் காலத்தில் கங்காணி ஆட்களைக் கூட்டிவந்தபோது யார் யாரை எங்கே வைப்பது என்று பார்த்துத்தான் வைத்தானாம். ஊரில் தெரு பிரிந்திருந்த மாதிரியே இங்கே லயம் பிரிந்தது. எந்த லயம் என்றால் போதும், வேறு கேள்வி வேண்டாம். பிறகு இரண்டு நாட்டு அரசும் ஒப்பந்தம் போட்டு, பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வீடுகள் காலியாகின. மழை ஒழுகும் வீட்டில் இருந்தவர்கள் ஒழுகாத வீட்டுக்குப் போனார்கள். ஒரு முறை மண் சரிந்தபோது பள்ளத்து லயம் முழுவதையும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வைத்து, பிறகு கிடைத்த இடத்தில் குடிவைத்தார்கள். இப்போது எந்த லயம் என்று கேட்டால், எந்த லயம் என்பது மட்டும்தான் தெரியும்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர் எங்கள் பக்கத்து நூற்பாலைக் குடியிருப்பில் இருந்தார்கள். சிலோன்காரர்கள் என்போம். என்னோடு படித்த ஒரு பெண் அங்கிருந்து வந்தவள். அவள் வீட்டில் நான் தண்ணீர் குடித்ததற்கு அம்மா என்னைத் திட்டினாள். ஏன் என்று கேட்டபோது, என்ன ஆளுங்கன்னு தெரியாதில்ல என்றாள். தெரிந்து தாழ்ந்தவர்கள் என்றால் ஒரு பாடு, தெரியாதவர்கள் என்றால் அதைவிட மோசம் என்று அன்று எனக்குப் பதிந்தது. அதை ராஜமாணிக்கத்திடம் நான் சொல்லவில்லை.

அந்த மூன்றாம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு லயத்து முன்னால் தீ மூட்டினார்கள். ராஜமாணிக்கம் உள்ளே போய் ஒரு தப்பை எடுத்துவந்து, தோலைத் தீயில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, இடது தோளில் அணைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். எங்கள் ஊரில் பறை என்போம். அதை யார் அடிப்பார்கள், யார் தொடமாட்டார்கள் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ரதியும் மன்மதனுமாக வேஷம் கட்டிய இரண்டு ஆண்கள் லயம் லயமாக ஆடிப் போனார்கள். அடி என் நெஞ்சுக்குள் விழுந்தது. நன்றாக இருந்தது. அதே நேரம் எனக்குள் ஒருத்தி, ஓஹோ, இப்போது தெரிந்துவிட்டது என்று குறித்துக்கொண்டாள். இரண்டும் ஒன்றாக நடந்தன.

அவர் இளைப்பாற உட்கார்ந்தபோது, எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். முன்பெல்லாம் இதற்கென்று ஆட்கள் இருந்தார்களாம். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். கூத்து நின்றுவிடக் கூடாது என்று கையில் கிடைத்தவர்கள் எடுத்து அடிக்கிறார்களாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் முதல் நாளும், தேர் நாளும், சாவுக்கும் இதுதான் என்றார். "இதற்கென்று இருந்த ஆட்களில்" அவர் உண்டா, "கையில் கிடைத்தவர்களில்" அவர் உண்டா, அதைச் சொல்லவில்லை. நானும் அந்த வாக்கியத்தைப் பல முறை மனதுக்குள் அடித்துப் பார்த்தேன். எங்கே அரைப்புள்ளி வைத்தாலும் பிடிபடவில்லை.

அம்மாவிடம் அவர் தப்பு அடித்ததைச் சொன்னேன். "சைவம்னு சொன்னியே" என்றாள். சைவமும்தான் என்றேன்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. இங்கே பௌர்ணமிக்குப் போயா என்று பெயர், நாடு முழுவதும் விடுமுறை. இறைச்சிக்கடையும் சாராயக்கடையும் பூட்டியிருக்கும். சந்தமாலி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு காலையிலேயே விகாரைக்குப் போய் நோன்பு எடுத்தாள். மதியத்துக்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு கிடையாது. தெரசம்மாவுக்கு வெள்ளி சிலுவைப்பாதை, ஒரு நேரம்தான் சாப்பாடு. ராஜமாணிக்கத்துக்கு அன்றுதான் காமன் எரியும் நாள், பச்சைத் தண்ணீர் மட்டும். வீட்டில் மூன்று பேர் மூன்று கணக்கில் பட்டினி. நானும் நிரோஷினியும் ஒரு பானைச் சோற்றை வைத்துக்கொண்டு திருடிகள் மாதிரி பின்பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அன்று விகாரையிலிருந்து திரும்பிய சந்தமாலியை எதிர்கொள்ளப் போய், புல்லுக்குள் கால் வைத்து அட்டை ஏற்றிக்கொண்டேன். கணுக்காலில் கறுப்பாக ஒன்று ரத்தம் குடித்துப் புடைத்திருந்தது. நான் கல்லை எடுத்தேன். சந்தமாலி என் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் தடுத்தாள்.

"அக்கா, கொல்ல வேணாம். இன்னிக்கி போயா."

"நாளைக்குன்னா கொல்லலாமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கும் வேணாம். ஆனா நாளைக்குக் கொன்னா, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

நகத்தால் அதை மெல்லக் கழற்றி, வாய்க்காலுக்கு அப்பால் ஒரு இலைமேல் விட்டாள். அதே வீட்டில் வருடம் ஒரு சேவல் அறுபடுகிறது. அவள் அந்தக் குழம்பைத் தொடுவதில்லை, ஆனால் பாத்திரத்தைக் கழுவி வைக்கிறாள். கொல்வது பாவம் என்று இவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். சாமிக்குக் கொடுக்காமல் விட்டால் குற்றம் என்று ராஜமாணிக்கத்துக்கு யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். உடம்பை வருத்தினால் மன்னிப்பு என்று தெரசம்மாவுக்கு. மூவரும் தாங்கள் நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள், மற்ற இருவரும் கெட்டது செய்வதாக நினைக்கவில்லை. இது எப்படி ஒரு கூரைக்குள் அடங்குகிறது? எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். புரட்டாசி சனிக்கிழமை கறி கூடாது. செருப்போடு வாசல் தாண்டக் கூடாது. சிலர் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது. மூன்றும் ஒரே வாயால், ஒரே குரலில், ஒரே வயதில் சொல்லப்பட்டவை. இதில் எது பக்தி, எது அசிங்கம் என்று அன்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. இன்று நானாகப் பிரிக்கப் பார்த்தால் ஒன்றை இழுக்கும்போது இன்னொன்றும் கூடவே வருகிறது.

காமன் எரிவதை நான் பார்க்கவில்லை. குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன். பயணக் கட்டுரை எழுதுகிறவள் இதை ஒப்புக்கொள்ளக் கூடாதுதான்.

ஐந்தாம் நாள் காலை. ராஜமாணிக்கம் லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கையில் கயிறு இல்லை, காப்பை அவிழ்த்துவிட்டார். நிரோஷினி மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் பீலித் தண்ணீரில் கீரை அலசிக்கொண்டிருந்தாள், பத்தடி தள்ளி. நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், உங்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது ஐயா என்றேன். ஐந்து நாளில் அதை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

அவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நீங்க ஒன்னு கேக்க வந்திருக்கீங்க அம்மா. வந்த நாள்லேருந்து அதச் சுத்திச் சுத்தியே வர்றீங்க. நான் சொல்றேன். ஒளிக்க ஒன்னுமில்ல."

எனக்குக் காது சூடானது. அவர் கோபமாக இல்லை.

"ஆனா மொதல்ல நீங்க ஒன்னு சொல்லணும். என்னா பதில் வந்தா எம் மகள எடுப்பீங்க, என்னா பதில் வந்தா விட்டுட்டுப் போவீங்க? அத இப்பச் சொல்லுங்க. அப்பறம் நான் சொல்றேன்."

சொல்ல வேண்டியதுதானே. எனக்குத் தெரியாதா என்ன? இந்தப் பதில் என்றால் அம்மா தேதி பார்ப்பாள், இந்தப் பதில் என்றால் தலையில் அடித்துக்கொள்வாள், இந்தப் பதில் என்றால் கார்த்தியைத் தலைமுழுகுவாள். பட்டியல் மனப்பாடமாகத் தெரியும். அதை வாயால் சொல்ல வேண்டும், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, அவர் போட்ட லீக்ஸை ஐந்து நாள் சாப்பிட்டுவிட்டு. வரவில்லை. பதினாறு வருடத்துக்கு முன் அலுவலகத்தில் கூட வேலை செய்த ஒருவர், என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டபோதும் இப்படித்தான் வாயடைத்து நின்றேன். அவர் என் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். அதை நான் நல்ல பெண்ணாக இருந்ததாகத்தான் இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குச் சொல்லத் தெரியலீங்க ஐயா" என்றேன்.

"சரி" என்றார். மறுபடி குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தார்.

நிரோஷினி கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு நான் வந்தது தன்னைப் பார்க்க என்றுதான் நினைப்பு. அதற்காகத் தலையணைக்கு உறை தைத்திருந்தாள்.

"அக்கா, நீங்க இதக் கேக்கத்தான் வந்தீங்கன்னு ஒங்க தம்பிக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லலாம். அம்மா சொன்னாள், நான் வந்தேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தையில் தம்பியின் கல்யாணம் பிழைத்துக்கொள்ளும். அவளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டும் என்று கண்ணிலேயே தெரிந்தது. இருபது வருடமாகச் சத்தியப் பிரமாணத்தைத் தட்டச்சு செய்கிறேன். அன்று என்னை யாரும் பிரமாணம் செய்யச் சொல்லவில்லை. எந்தச் சாமியும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஏன் உண்மையைச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியாது.

"தெரியும்மா. அவனும்தான் கேக்கச் சொன்னான்."

"ரெண்டு வருசம் எங்கிட்ட ஒரு நாளும் கேக்கல" என்றாள். "நான் அதப் பெருசா நெனச்சேன்." பிறகு தண்ணீர்த் தொட்டி மேட்டைப் பார்த்து நடந்தாள். அங்கேதான் போன் எடுக்கும். கீழே இருந்து பார்த்தால் அவள் உருவம் மட்டும் தெரிந்தது. கையை ஆட்டிப் பேசவில்லை. ஐந்து நிமிடம்கூட இருக்காது. இறங்கி வந்து, "வேணாம்னு சொல்லிட்டேங்க அக்கா" என்றாள். விட்ட கீரையை எடுத்து அலசி முடித்தாள்.

நான் சாமானை எடுத்து வைத்துக்கொண்டு அன்றே புறப்படப் பார்த்தேன். தெரசம்மா விடவில்லை. காலை வண்டி போய்விட்டது, இன்றைக்கு இருந்துவிட்டு நாளைக்குப் போங்கள் என்றார். அவரிடம் நிரோஷினி எல்லாம் சொல்லிவிட்டாள் என்பது தெரியும். ஆனாலும் இரவு எனக்கு முதலில் பரிமாறினார். காமன் விரதம் முடிந்ததால், விருந்தாளிக்காக மற்றவர்களுக்கு அன்று கோழி; தவக்காலம் என்று அவர் மட்டும் தொடவில்லை. என் தட்டில் துண்டுகளை வைத்துக்கொண்டே, "நீங்க பொய் சொல்லியிருக்கலாம் தங்கச்சி" என்றார். நன்றி சொல்கிறாரா, குறை சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அடுப்பு வெளிச்சத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை. கேள்வி கேட்கும் ஆசையே போயிருந்தது.

கார்த்தி ஏழெட்டு முறை அழைத்திருந்தான். தொட்டி மேட்டுக்குப் போனபோது எல்லாம் சேர்ந்து வந்து விழுந்தன. ஏன்க்கா சொன்ன, உனக்கு ஏன்க்கா இந்த வேலை என்று ஒரு குரல் பதிவு. அழுதிருக்கிறான். அவன் கேட்டது நியாயமா, நான் சொன்னது நியாயமா, இரண்டுமா, இரண்டும் இல்லையா? அவனுக்கு நான் இன்னும் ஒழுங்கான பதில் கொடுக்கவில்லை.

ஆறாம் நாள் காலை ஸ்டேஷனுக்கு நிரோஷினிதான் வந்தாள். பெட்டி எங்கே நிற்கும் என்று பார்த்து, பிளாட்பாரத்தின் நடுவில் என்னை நிறுத்தினாள். வழியெல்லாம் கத்தாரில் வேலை எப்படி, வெயில் எப்படி என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தாள். லீவு முடிந்து அதே ஊருக்குத்தான் போக வேண்டும், அவனை வழியில் பார்க்க நேரிடும் என்றாள். அப்போது என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. வண்டி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க மேல கோவம் இல்லைங்க அக்கா" என்றாள். சற்று நிறுத்தி, "இருக்கு. போயிரும்" என்றாள்.

வண்டி கீழே இறங்க இறங்கப் போன் எடுத்தது. நாவலப்பிட்டி தாண்டியதும் அம்மா அழைத்தாள். ஜன்னலோரத்தில் ஒருவர் அவித்த கடலை விற்றுக்கொண்டு போனார். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"கேட்டியா?"

"கேட்டேன்மா."

"என்ன சொன்னாங்க?"

"வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"அவங்கதான். பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சு."

"நம்மளயா?"

ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா எதையோ கூட்டிக் கழிக்கிறாள் என்று தெரிந்தது. அவள் திட்டுவாள், அல்லது நல்லதாகப் போயிற்று என்பாள், இரண்டுக்கும் தயாராகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் பேசியபோது குரலில் இதுவரை நான் கேட்டிராத ஒரு மரியாதை இருந்தது.

"நம்மளயே வேணாங்கிறாங்கன்னா, ஒசந்த ஆளுங்களாத்தான்டி இருப்பாங்க. நீ இன்னொரு தடவ போய்ப் பேசிப் பாரேன்."